எட்டு அங்குலப் பலகை

அண்ணன் சொல்லும் எதுவும் சரியாக இருந்துவிடக் கூடாது என்பதில் கனகலிங்கம் கவனமாக இருந்தான். அவனை லண்டனுக்குக் கூப்பிட்டவர் அண்ணன். வேலை எடுத்துக் கொடுத்தவர் அண்ணன். கிங்ஸ்பரியில் தன் வீட்டோடு ஒட்டிய வீடு விலைக்கு வருகிறது என்று சொல்லி அதை வாங்க வைத்ததும் அண்ணன் தில்லையம்பலம்தான். நாற்பத்தொரு வயதாகியும் கோயிலில் சனம் அவனைத் தில்லையரின் தம்பி என்றுதான் சொன்னது. மனிசனுக்கு எரியாதா?

அதனால்தான் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துப் பாங்க் ஹொலிடேயில் யாரையும் கேட்காமல் வேலையைத் தொடங்கினான். கூரை விளிம்பில் மழைத்தண்ணி ஓடும் பீலியைத் தாங்கும் மரப்பலகை பெயின்ற் உரிந்து அசிங்கமாக நின்றது. அதைக் கழற்றாமல் மேலேயே வெள்ளைப் பிளாஸ்ரிக் பலகையை வைத்து ஆணி அடித்துவிட்டால், பிறகு ஆயுளுக்கும் பெயின்ற் பூசத் தேவையில்லை. தெருவில் முதல் வெள்ளை விளிம்பு அவனுடையதாக இருக்கும். இந்த ஒரு விஷயத்திலாவது அண்ணன் அவனுக்குப் பின்னால் வரட்டும்.

பீலியைக் கழற்றி இறக்கும்போது தில்லையம்பலம் வந்து பார்த்தார். எல்லைப் பக்கம் இரண்டு யார் நீளத்துக்கு மரம் உக்கிப்போய்விட்டது, அதை வெட்டி எறிந்து புதுமரம் வைத்த பிறகு பிளாஸ்ரிக்கைப் போடு என்றார். நல்ல புத்திதான். சொன்ன வாய்தான் பிழை. கனகலிங்கம் உக்கலை அப்படியே மூடினான். சோற்றுக்குள் விரல் விட்டதுபோல ஆணி இறங்கியது. ஒன்று பிடிக்காவிட்டால் பக்கத்தில் இன்னொன்று அடித்தான்.

கடைசிப் பலகை தேவைக்கு மேல் எட்டு அங்குலம் நீளமாக இருந்தது. அரிவதற்கு ஒரு நிமிடம் போதும். அவனுக்கு மனம் வரவில்லை. அண்ணன் பக்கம் நீட்டி அடித்தான்.

இவர்களுடைய அப்பா அரை முழ வேலிக்காகப் பதினேழு வருடம் வழக்காடியவர். எல்லை என்று வந்தால் அந்தக் குடும்பத்துக்கு மூளை வேலை செய்யாது. வேலி நிலத்தில் நின்றால் என்ன, பலகை அந்தரத்தில் நின்றால் என்ன? தில்லையம்பலம் நிமிர்ந்து பார்த்தார். தன் ஏணியைத் தன் சுவரில் சாத்தி, மரம் அரியும் கைவாளோடு ஏறினார்.

“எட்டங்குலம் வந்திருக்குது. அரியப்போறன்.”

“தொட்டால் கை இருக்காது,” என்றான் கனகலிங்கம்.

அவர் அரியத் தொடங்கினார். கனகலிங்கம் தன் ஏணியில் நின்றபடியே வாளைப் பிடித்து இழுத்தான். அதன் பற்கள் அவன் உள்ளங்கையை எலும்பு தெரியக் கிழித்தன. இரத்தம் வெள்ளைப் பலகையில் வழிந்தது. கை வலித்ததைவிடப் பலகை கெட்டதுதான் அவனுக்கு வெறியேற்றியது. மற்றக் கையிலிருந்த சுத்தியலால் அண்ணனின் தோளில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. வாள் கீழே விழுந்தது. தில்லையம்பலம் நல்ல கையால் அவன் பிடரியைப் பிடித்து முகத்தைச் செங்கல்லில் மோதினார். மூக்கு உடைந்தது. இரண்டாம் முறையும் மோதினார். கனகலிங்கம் காலைத் தூக்கி அண்ணனின் ஏணியை உதைத்தான். கால் தவறிப் பட்டது என்று யாரும் அவனுக்காகச் சொல்ல வேண்டாம். வேண்டுமென்றேதான் உதைத்தான்.

ஏணி சரிந்தது. தில்லையம்பலம் பலகையின் நுனியைப் பற்றித் தொங்கினார். ஒரு கணம் அது தாங்கியது. பிறகு உக்கலில் அடித்த ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கனகலிங்கம் கையை நீட்டினான், உண்மையாகவே நீட்டினான். ஈர மரத்தூள்தான் கையில் கொட்டியது. அண்ணன் பலகையோடு போய்ச் சிமெந்துத் தரையில் முதுகடிபட விழுந்தார்.

அண்ணி பாலாம்பிகை கதவைத் திறந்து பார்த்துவிட்டு அம்புலன்சுக்கு ரெலிபோன் அடிக்க உள்ளே ஓடினாள். கனகலிங்கம் இறங்கி வந்து அண்ணனின் அருகில் முழங்காலில் விழுந்தான். அவர் கண் திறந்தபடி கிடந்தார். ஏசுவார், முகத்தில் காறித் துப்புவார் என்று நினைத்தான். அப்படிச் செய்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

“தம்பி, என்ரை கால் எங்கை கிடக்குது?”

“இஞ்சைதான் அண்ணை. இருக்குது.”

“ஒருக்காத் தொட்டுப் பார்.”

கனகலிங்கம் அவருடைய இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்து, இரத்தம் ஒழுகும் கையாலும் மற்றக் கையாலும் பலங்கொண்ட மட்டும் அமத்தினான். தில்லையம்பலம் ஆகாயத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

“தொடன்ரா தம்பி,” என்றார்.