பின்னறையில் எண்பத்தொன்று

மார்ச் 14, வியாழன்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். அளவுகளைச் சரியாக எடுத்தேன், சரியாக எழுதினேன், தப்பாகப் புரிந்துகொண்டேன்.

வீட்டில் எங்கெங்கே வைஃபை சிக்னல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று அளந்து வரச் சொல்லியிருந்தார் நெட்வொர்க் மாலை வகுப்பு வாத்தியார். போன் ஆப்பில் ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை பார்த்தேன். ஹாலில், ரூட்டருக்குப் பக்கத்தில் 42. சமையலறையில் 63. பின்னறையில் 81. எண்களுக்கு முன்னால் இருந்த மைனஸ் குறியை வெறும் கோடு என்றுதான் நினைத்தேன்.

அண்ணிக்கு இன்று பதினொரு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. ஒரு பல் மருத்துவமனையில் அலுவலக வேலை. குழந்தை பிறந்து ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் அழைப்பு.

"ஹால்லயே உக்காந்துக்கவா?" என்று கேட்டார்.

"வேணாம் அண்ணி, பின்னறைதான். எண்பத்தொண்ணு காட்டுது."

"இன்ஜினியரம்மா சொன்னா அப்பீலே கிடையாது" என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"இவ பல்பு மாட்டினாலே ஃபியூஸ் போகும், பாத்துக்கோ" என்றான் அண்ணன்.

நான் கதவுக்கு வெளியே பெருமையாக நின்றிருந்தேன். மூன்றாவது கேள்வியில் அண்ணியின் குரல் மாறியது. "கேக்குதா சார்? இப்ப கேக்குதா?" ஒன்பதே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். "பதட்டத்துல நான்தான் எதையோ அமுக்கிட்டேன் போல."

மாலை வகுப்பில், பின்னறைக்கு முதலிடம் கொடுத்திருந்த என் அட்டவணையைப் பார்த்ததும் வாத்தியார் சிரித்தார். "தலைகீழாப் படிச்சிருக்கியேம்மா. இது மைனஸ். பூஜ்யத்துக்குக் கிட்ட வர வரத்தான் பலம். எண்பத்தொண்ணுன்னா உயிர் ஊசலாடுதுன்னு அர்த்தம்." வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

வீட்டுக்கு வந்தால், அண்ணன் இணைய நிறுவனத்தைப் போனில் வறுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "நீயே சொல்லு, லைன் கோளாறுதானே?" என்றான்.

"அப்படித்தான் இருக்கும்ணே" என்றேன். எழுதவே கூசுகிறது.

அண்ணி சான்றிதழ் ஃபைலை அலமாரியின் மேல்தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் இனிமே நமக்கு ஒத்து வராதும்மா. நாலு பேர் முன்னாடி பேசவே மறந்துடுச்சு."

அப்போதுதான் சொன்னேன். மைனஸ், ஹால், பின்னறை எல்லாவற்றையும். லைன் மீது பழி போட்டதையும்.

அண்ணி திட்டவில்லை. "அப்போ நான் சொதப்பலையா?" என்று கேட்டார்.

"இல்லண்ணி."

"காலையிலேர்ந்து அதையே நினைச்சு நினைச்சு..." முடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

பிறகு திரும்பாமலே சொன்னார்: "அவங்களுக்கு நீதான் எழுதணும். உன் தப்புன்னே எழுது."

நாளை: ஒன்பது மணிக்குள் மருத்துவமனைக்கு மெயில் அனுப்ப வேண்டும். தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதி, அண்ணிக்கு இன்னொரு நேரம் கேட்க வேண்டும். அனுப்பும் முன் அண்ணியிடம் படித்துக் காட்ட வேண்டும்.