நாலரைக் கட்டை

"கையை எடுக்காதேன்னேன்ல, ஜானகி. மூக்கை அப்பால சொறிஞ்சிக்கோ."

ஆர்கனின் வயிற்றுக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் பொன்னுரங்கம் கத்தினார்.

"பசிக்குதுய்யா. இன்னும் எவ்ளோ கீது?"

"இதான் கடைசி. முடிச்சிட்டு இட்லி. நாலரைக் கட்டையை அழுத்து."

அழுத்தினேன்.

சிந்தாதிரிப்பேட்டையில் ஆர்மோனியப் பெட்டி செய்பவர் அவர். மயிலாப்பூர்ப் பக்கத்து சர்ச் ஒன்றின் குழாய் ஆர்கனையும் பதினோரு வருடமாக அவர்தான் பார்த்துவந்தார். வெளியே நான் கட்டையை அழுத்திக்கொண்டிருப்பேன். அவர் உள்ளே ஏறி, குழாயின் உச்சியிலிருக்கும் தகட்டு வளையத்தைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பார். ஒரு கட்டைக்கு இரண்டு குழாய்கள் ஒலிக்கும். சேராதவரை அந்த ஒலியில் அலை அடிக்கும், சேர்ந்ததும் நின்றுவிடும். அவர் "விடு" என்று சொல்லும்வரை நான் கையை எடுக்கக் கூடாது.

1993 மே மாதம். சத்தம் குறுக்கிடாமலிருக்க மின்விசிறியையும் நிறுத்தியிருந்தோம். அலை நிற்கவே இல்லை. எரிச்சலாக வந்தது.

"இன்னாயா பண்றே உள்ள?"

பதில் இல்லை. வேலை நடக்கும்போது பதில் சொல்கிற ஆளும் இல்லை அவர். விரல் மரத்துப்போனது. வேறு விரலுக்கு மாற்றிக்கொண்டு, மனசுக்குள் திட்டியபடி உட்கார்ந்திருந்தேன்.

கால் மணி நேரம் கழித்து வாட்ச்மேன் வேலு வந்தார். "இன்னாக்கா, ஒரே சத்தமா கீது, காது போவுது," என்றபடி பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, "கையை எடுத்துடு அக்கா," என்றார். அப்போதும் நான் எடுக்கவில்லை.

மாரடைப்பு, ஒரு நொடியில் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். அதை யார் காதில் வாங்கினார்கள்? "கால் மணி நேரமா எழுந்து பாக்கலியா நீ?" என்று என் நாத்தனார் காரியம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கட்டையை விடக் கூடாது என்பதை எத்தனை பேருக்கு விளக்குவது?

அவர் பாதியில் விட்ட அந்த ஒரு குழாயைச் சேர்த்து முடித்தால் போதும் எனக்கு. மூன்று முறை சர்ச்சுக்குப் போனேன். ஆர்கனின் பின்கதவைப் பூட்டிவைத்திருந்தார்கள்.

"ஒரு குழாய்தானேம்மா, யாருக்குத் தெரியப்போவுது," என்றார் செயலாளர்.

"எனக்குத் தெரியுது சார். பத்து நிமிஷம் குடுங்க. வேலு கட்டையை அழுத்தட்டும், நான் உள்ள போறேன்."

"உங்களுக்கும் ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஆள் வரவழைக்கறோம்."

ஆறு வருடமாக வரவழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். பாட்டு நாலரைக் கட்டையைத் தொடும்போது அலை அடிக்கிறது.