ஆறு வெள்ளைச் சேலைகள்

காலத்துக்கேற்ப மாறுவோம் என்று எங்கள் கன்னியர் சபை மூன்று நாள் கூடிப் பேசி முடிவெடுத்தது. சாம்பல் அங்கியும் முக்காடும் போய், சனங்களைப் போல எளிமையாக இருக்கட்டும் என்று வெள்ளைச் சேலை வந்தது. மடத்துக்குள் இருந்து செபித்தது போதும், மீள்குடியேறியவர்களின் வீடுகளுக்குப் போங்கள் என்றார்கள். அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் ஒரு கேள்வி வரவில்லை. எனக்கும்தான்.

உயிலங்குளத்துக்கு அப்பால் முதல் வீடு தவமலருடையது. போரின் கடைசி மாதத்திலிருந்து அவள் கணவனைக் காணவில்லை. என்ன சொல்லித் தொடங்குவதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். நான் வாசல் படலையைத் திறந்ததும் அவள் கையிலிருந்த சுளகு நழுவி அரிசி சிதறியது.

"ஆர் நீங்கள்? அவரைப் பற்றி ஏதும் சேதியோ?"

"இல்லையம்மா, நான் சிஸ்டர். சும்மா பார்த்திட்டுப் போக வந்தனான்."

அவள் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"புருசனைத் தேடுற வீட்டுக்குத் தாலியறுத்தவள் மாதிரி வெள்ளையோட வரலாமோ? அவர் உயிரோட இருக்கிறார். வேற சீலை கட்டிக்கொண்டு வாங்கோ, கதைப்பம்."

மடத்துக்குத் திரும்பி அலுமாரியைத் திறந்தேன். ஆறு சேலைகள். ஆறும் வெள்ளை. பட்டியலில் இன்னும் நாற்பது வீடுகள், எல்லாம் தேடுகிற வீடுகள்.