மார்லிஸின் கத்தி

அமெரிக்காவில், மில்வாக்கி நகரத்தில் எங்கள் ஆட்கள் கிறிஸ்துமஸுக்குப் பச்சை மாட்டுக்கறி தின்பார்கள். அரைத்த கறி, அடுப்பைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. அதை ரொட்டியில் அப்பி, மேலே வெங்காயம், உப்பு, மிளகு. தின்னாதீர்கள் என்று சுகாதாரத் துறை வருடா வருடம் தலைபாடாக அடித்துக்கொள்ளும். இவர்கள் வருடா வருடம் கசாப்புக் கடை வரிசையில் போய் நிற்பார்கள். போன வருடம் வரை நானும் நின்றவள்தான், விரலை நக்கியவள்தான். இந்த வருடம் வயிற்றில் ஆறு மாதம். தட்டைப் பார்த்ததுமே குமட்டியது.

ஐந்து மாதமாக எனக்கு எல்லாமே அருவருப்பு. கதவுப்பிடி, நாய் உரசிய கால்சட்டை, என் கணவன் நீலின் முத்தம். கீரையை நான்கு தடவை கழுவிவிட்டு, அப்புறமும் மனம் ஒப்பாமல் குப்பையில் போடுவேன். எந்தக் கிருமி எந்த வாரத்தில் குழந்தையைக் கொல்லும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கழுவிக் கழுவி என் விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்தது. கைப்பையில் ஒரு கிருமிநாசினிப் புட்டி, யாருக்கும் தெரியாமல். டாக்டரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. இவளுக்கு எதற்குப் பிள்ளை என்று எழுதி வைத்துவிடுவாரோ என்று பயம்.

"ஏண்டி ட்ரூடி, மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்கே? உனக்குத் தனியா வான்கோழி வேகவெச்சிருக்கேன்ல?" என்றார் என் மாமியார் மார்லிஸ்.

"எதுல வேகவெச்சீங்க?"

"என் செருப்புல. கேக்கறா பாரு கேள்வி!"

நீலின் அண்ணன் டுவெய்ன் வாய் நிறையக் கறியோடு சிரித்தான். பல்லிடுக்கெல்லாம் சிவப்பு. "நீல் வயித்துல இருந்தப்போ அம்மா இதைத்தான் தின்னாங்க. அதான் இவன் இந்த லட்சணத்துல இருக்கான்."

எல்லாரும் சிரித்தார்கள். நீலும் சிரித்தான். அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

வான்கோழி வைத்த ரொட்டியை இரண்டு கடி கடித்திருப்பேன். மார்லிஸ் கறியை அப்பிய கத்தியை ஒரு துணியில் இழுத்துத் துடைத்தார். அதே கத்தியால் அடுத்த ரொட்டியை வெட்ட ஆரம்பித்தார். அந்தத் துணி காலையிலிருந்து அங்கேதான் கிடந்தது, ஈரமாக, இளஞ்சிவப்பாக.

"மார்லிஸ், என் ரொட்டியையும் இதுலதான் வெட்டினீங்களா?"

"துடைச்சிட்டுத்தான் வெட்டினேன், கண்ணு."

துடைத்தாராம்!

கைப்பையை எடுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடிக் கதவைத் தாழிட்டேன். தொண்டைக்குள் விரலை விட்டேன். வான்கோழி வந்தது, ரொட்டி வந்தது, கடைசியில் மஞ்சள் தண்ணீர் வந்தது. போதவில்லை. நாக்கில் இன்னும் அது ஒட்டியிருக்கிறது, ஊர்கிறது. சோப்பைப் போட்டு நாக்கைத் தேய்த்தேன். அப்போதும் போதவில்லை. கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து மூடியைத் திருகினேன். ஒரே ஒரு வாய், கொப்பளித்துத் துப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

எதையும் வாயருகே கொண்டுபோகுமுன் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பது என் வழக்கம். தயிர் டப்பாவாக இருந்தாலும் இரண்டு தடவை படிப்பேன். கை தானாகப் புட்டியைத் திருப்பியது. வாயில் பட்டால் உடனே விஷமுறிவு மையத்தை அழைக்கவும் என்று போட்டிருந்தது.

புட்டி என் உதட்டிலிருந்து ஒரு விரல் தூரத்தில் இருந்தது. ஐந்து மாதமாகக் கண்டவர் கையையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் என் பிள்ளைக்கு இவ்வளவு கிட்டத்தில் விஷத்தைக் கொண்டுவந்தது என் கைதான். அந்தக் கறியைவிட, அந்தத் துணியைவிட, கண்ணாடியில் தெரிந்தவளைப் பார்க்கத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"ட்ரூடி! கதவத் திற. என்னடி பண்றே உள்ள?"

திறந்தேன். மார்லிஸின் விரல்களில் இன்னும் கறி ஒட்டியிருந்தது. வெங்காய நாற்றம். புட்டியை அவரிடம் நீட்டினேன்.

"இதை வாங்கிக்கோங்க. வாய கழுவ எடுத்தேன்."

அவர் முகம் வெளுத்துப்போனது. "உள்ள போச்சா?"

"இல்ல."

வேறெதுவும் கேட்காமல் மருத்துவமனையின் செவிலியர் எண்ணை அழைத்து, எனக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டார். அவரே முந்திக்கொண்டு, "என் தப்புதாம்மா, கத்திய கழுவல," என்றார்.

செவிலி காய்ச்சல் இருக்கிறதா, குழந்தை அசைகிறதா என்று கேட்டாள். காய்ச்சல் வந்தால் உடனே கூப்பிடச் சொன்னாள். "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

வழக்கமாக நூறு கேள்வி கேட்பேன். இன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். புட்டியை, கீரையை, ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை கழுவுவதை.

"எத்தனை நாளா இப்படி?"

"அஞ்சு மாசமா."

"இது நிறைய பேருக்கு வரும்மா, வைத்தியமும் இருக்கு. நாளைக்குக் காலையில டாக்டர் உங்கள கூப்பிடுவாங்க. உங்கள யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. தனியா மட்டும் இருக்காதீங்க."

போனை வைத்ததும் மார்லிஸ் குழாயைத் திறந்தார். என் வெடித்த கைகளைத் தன் கைகளுக்குள் வைத்து, இருவர் கையையும் சேர்த்து ஒரே சோப்பில் கழுவினார். எரிந்தது. அவர் நகக்கண்ணிலிருந்த சிவப்பு கரைந்து என் விரல்மேல் வழிந்து போனது. எனக்கு மறுபடி குமட்டியது. குழாயை மூடினார்.

"இன்னொரு தடவை," என்றேன்.

"ஆச்சு, கண்ணு. சுத்தமா இருக்கு."

என் கை குழாய்க்குப் போனது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.