என்னிடம் சொல்லாதே என்றேன்

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டவர் எங்கள் பங்குத்தந்தை சாந்தகுமார். கேட்ட இடம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட். அப்போது நான் வாணியம்பாடி பஸ்ஸில் ஒரு காலை வைத்திருந்தேன்.

"டீச்சர், வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சதும் ஞானோபதேச டீச்சருங்களுக்கு ஒரு கூட்டம் வெச்சிருக்கேன். பிள்ளைங்க, பேச முடியாதவங்க, தனியா இருக்கற வயசானவங்க, இவங்களை எல்லாம் கோயில்ல எப்படிப் பத்திரமா பாத்துக்கறதுன்னு. நான் பேசினா எல்லாரும் தூங்கிடுவாங்க. நீங்க ஒரு கதை எழுதிட்டு வந்து படிங்க. யார் மனசும் புண்படாம."

யார் மனமும் புண்படாமல் எழுதுவதில் நான் கைதேர்ந்தவள். பத்து வருடமாகப் பங்கு மலரின் கிறிஸ்துமஸ் இதழில் கதை எழுதி வருகிறேன். குடிகாரக் கணவன் திருந்துவான். பேசாத மருமகள் பேசுவாள். ஷூ கம்பெனியில் வேலை போனவனுக்கு மறுபடி வேலை கிடைக்கும். நாலே பக்கத்தில் எல்லோரையும் மனம் திருப்பிவிடுவேன். அதனால் யோசிக்காமல் சரி என்றேன்.

அது திங்கட்கிழமை. புதன்கிழமை ஜெனிஃபா என் வீட்டுக்கு வந்தாள். அவள் வராமல் இருந்திருந்தால் உங்களுக்கு இன்று வேறு கதை கிடைத்திருக்கும். அதில் மழை பெய்திருக்கும்.

(ஜெனிஃபா என்பது அவள் பெயர் இல்லை. ஒரு பங்கில் கற்பனைப் பெயர் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வாரம்தான் தெரிந்தது. எந்தப் பெயரை எடுத்தாலும் அந்தப் பெயரில் ஒருத்தி தெருவாரி அன்பிய ஜெபக் கூட்டத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பெயரில் எங்கள் பங்கில் யாரும் இல்லை, விசாரித்துவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: "பாலாற்றின் மேல் மாலைச் சூரியன் பொன்னிறமாய்—"

விட்டுவிட்டேன். பாலாற்றில் தண்ணீர் இல்லை. ஓரமாக ஓடுகிற கொஞ்சமும் தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு. அதன் நிறத்தை எழுதினால் யார் மனமாவது புண்படும்.

இரண்டாவது தொடக்கம்: "பாட்டு மாஸ்டர் ஒரு மிருகம்."

இதையும் அடித்தேன். கோபத்தில் எழுதிய வரி. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மிருகம் மாதிரி இருந்திருந்தால் நாங்கள் அன்றைக்கே கண்டுபிடித்திருப்போமே. அவர் கோயிலில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிற உபகாரமான மனிதர். என் அம்மாவின் அடக்கத்துக்குக் காய்ச்சலோடு வந்து ஆர்மோனியம் வாசித்தார். ஆஸ்பத்திரியில் யார் கிடந்தாலும் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பார். ஷூ கம்பெனியில் சீசன் வந்துவிட்டால் அம்மாக்களுக்கு ஏழு மணி வரைக்கும் ஓவர்டைம். பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டுவிடும். நடுவில் மூன்று மணி நேரம் பிள்ளைகள் எங்கே போவார்கள்? கோயிலுக்கு. அங்கே பாட்டு மாஸ்டர் இருந்தார், பாட்டு ரூம் இருந்தது, தட்டில் பிஸ்கட் இருந்தது. பாட்டு ரூம் சாவி அவரிடம் இருந்தது. அந்த ஏற்பாட்டைப் பார்த்து நாங்கள் எல்லோரும் ஆண்டவருக்கு நன்றி சொன்னோம்.

மூன்றாவது தொடக்கம்: "1995-ஆம் வருடம் பொன்மலர் டீச்சருக்கு முப்பத்தைந்து வயது."

இது இருக்கட்டும்.

3

பொன்மலர் டீச்சர் வார நாட்களில் பள்ளிக்கூடத்திலும் ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பிலும் பாடம் நடத்தினாள். கண்டிப்பானவள், நல்லவள் என்று பெயர். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு இருபத்திமூன்று பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். முந்தின நாள் சனிக்கிழமை மாலை அவர்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம்.

பாவமே செய்யாத பிள்ளைகளுக்குப் பாவம் தேடிக் கொடுப்பது ஞானோபதேச டீச்சரின் வேலை. இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தெரியும். பொய் சொன்னாயா? தம்பியை அடித்தாயா? சர்க்கரை டப்பாவில் கையை விட்டாயா? அந்த வருடம் ஒரு பையன், யாரும் சொல்லாத பாவமாக ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தான். அவனுக்கு ஒரு கொட்டு வைத்து வரிசையில் நிறுத்தினாள்.

வரிசையில் பேசக் கூடாது என்பதற்காக அவள் இரண்டு விதிகள் சொல்லியிருந்தாள். பாவத்தைச் சாமியாரிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்லி முடித்த பாவத்தைத் திரும்ப நினைக்கவும் கூடாது. ஒருவர் பாவத்தை இன்னொருவர் கேட்டுச் சிரிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நம் எல்லோருக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஜெனிஃபா பதினாலாவதாக நின்றாள். வயது பத்து. வரிசையை விட்டு வந்து டீச்சரின் முந்தானையை இழுத்தாள்.

"டீச்சர், ஒரு டவுட்டு. பாட்டு ரூம்ல மாஸ்டர் கதவ சாத்திட்டு, பாடாதவங்கள மட்டும் நிறுத்தி வெச்சி…" அவள் நிறுத்தினாள். பிறகு கேட்டாள். "அது என் பாவமா, அவரு பாவமா?"

என் கையில் அப்போது புதுநன்மை மெழுகுவர்த்திகள் இருந்தன.

(மேலே 'என் கையில்' என்று எழுதிவிட்டேன். 'அவள் கையில்' என்று திருத்தலாம். திருத்தவில்லை. பொன்மலர் டீச்சர் நான்தான். நீங்கள் எல்லோரும் முதல் பத்தியிலேயே ஊகித்திருப்பீர்கள். எனக்கு மூன்று நாள் ஆயிற்று.)

நான் சொன்னேன்: "ஷ்ஷ். என்கிட்ட சொல்லக் கூடாது. உள்ள போய் ஃபாதர்கிட்ட சொல்லு."

அவள் வரிசைக்குத் திரும்பிப் போனாள்.

4

ஒரு அடிக்குறிப்பு. அடியில் போட்டால் தாண்டிவிடுவீர்கள் என்பதால் நடுவில் போடுகிறேன்: அவள் சொன்னது என் காதில் சரியாக விழவில்லை என்று எழுத எனக்கு ரொம்ப ஆசை. ஒரு பிரதியில் அப்படியே எழுதியும் பார்த்தேன். மணி அடித்தது, பிள்ளைகள் சத்தம், மெழுகுவர்த்தி கீழே விழுந்தது. எல்லாம் பொய். நன்றாகக் கேட்டது. மீதியைக் கேட்கப் பயமாக இருந்தது. தப்பிக்க ஒரு விதி கையில் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. இதை எழுதும்போது பேனாவை இரண்டு முறை மூடி வைத்தேன்.

கதை எழுதுகிறவள் எந்த அறைக்குள்ளும் போகலாம் என்று சொல்வார்கள். இந்தக் கதையில் இரண்டு அறைகளுக்குள் நான் போகமாட்டேன். ஒன்று பாட்டு ரூம். அங்கே நடந்ததை எழுத மாட்டேன், நீங்களும் கற்பனை செய்ய வேண்டாம். அது அவளுடையது, என் கதைக்குச் சுவை கூட்டுவதற்கு இல்லை.

இரண்டாவது, பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரத் தட்டியின் மறுபக்கம். அங்கே அப்போது இருந்தவர் எங்கள் பழைய பங்குத்தந்தை. எழுபது வயது. பெரிய ஃபாதர் என்போம். அங்கே கேட்டதை எந்தக் குருவும், உயிரே போனாலும், யாரிடமும் சொல்ல முடியாது. கேட்டதை வைத்து வெளியில் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது. தப்பை எடுத்து வெளியே வைக்க வேண்டிய பிள்ளையை, ஊரிலேயே வாய் திறக்க முடியாத ஒரே மனிதரிடம் நான் அனுப்பிவைத்தேன்.

வெளியிலிருந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். கடைசிப் பிள்ளை போன பிறகு பெரிய ஃபாதர் தான் தங்கும் அறை வீட்டுக்குப் போகவில்லை. கோயில் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். "இங்கயே இருக்கேன். நீங்க போங்க டீச்சர்" என்றார். அன்று மட்டும் இல்லை. மாறுதல் உத்தரவு வந்து ஜூன் மாதம் அவர் போகிற வரைக்கும் தினமும் மாலை அந்தப் பெஞ்சில் இருந்தார். வயசாகிவிட்டது, காற்று வாங்குகிறார் என்று பேசிக்கொண்டோம். மறு வருடம் இறந்துபோனார்.

5

இனி புதன்கிழமை. 2007.

ஜெனிஃபாவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. வேலூரில் நர்ஸ் வேலை. நைட் டியூட்டி முடித்து நேராக வந்திருந்தாள். உப்புமா செய்து கொடுத்தேன். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் பேசினாள்.

"பெரிய ஃபாதர் உள்ள இன்னா சொன்னாருன்னு தெரியுமா டீச்சர்? அவரு சொல்லக் கூடாது. நான் சொல்லலாம் இல்ல?"

"சொல்லு."

"'இது உன் பாவம் இல்ல பாப்பா'ன்னாரு. ரெண்டு வாட்டி சொன்னாரு. 'இத வெளிய போய் அம்மாகிட்ட சொல்லு, இல்ல டீச்சர்கிட்ட சொல்லு. நான் வெளிய பெஞ்சில உக்காந்திருப்பேன், அங்க வந்து எங்கிட்ட இன்னொரு வாட்டி சொல்லு'ன்னாரு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? 'டீச்சர்தான் ஃபாதர் இங்க சொல்லச் சொன்னாங்க'ன்னேன்."

அவள் சாப்பிட்ட தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

"தெனம் அவர பெஞ்சில பாப்பேன் டீச்சர். போலாம்னு இருக்கும். சொன்ன பாவத்த திரும்ப நெனைக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களே. அதான் போவல."

அவள் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. நோயாளியின் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்வது போலச் சொன்னாள். அழுதது நான்தான். அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கு நான் செய்திருக்க வேண்டியதை அவள் எனக்குச் செய்துகொண்டிருந்தாள்.

"அப்புறம் யார்கிட்டதான் சொன்ன?"

"அந்த வயசுல வேற யார்கிட்டயும் சொல்லல. திங்கக்கெழம ஸ்கூல் விட்டதும் கோயிலுக்குப் போவாம நேரா அம்மா கம்பெனி கேட்டுக்குப் போய்ட்டேன்."

அவள் அம்மா விஜயகுமாரி அங்கே தையல் லைனில் இருந்தாள். கேட்டில் வாட்ச்மேன் அப்துல் வஹீத். ஜெனிஃபா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வாட்ச்மேன் பாய், 'இன்னா பாப்பா, கோயில்ல உக்காரலியா'ன்னாரு. 'அங்க வேணாம்'னேன். 'சரி, இங்க உக்காரு'ன்னு அவரு ஸ்டூல எனக்குக் குடுத்துட்டு நின்னுக்கினாரு. ஏழு மணிக்கு அம்மா வந்ததும், 'யம்மா, புள்ள வேணாம்னுது. இனிமே அங்க அனுப்பாத. இங்கயே இருக்கட்டும்'னாரு. அம்மா, 'ஏன் பாய், ஓசி பிஸ்கட்டு பாட்டு எல்லாம் இருக்குதே'ன்னாங்க. 'எனக்கு இன்னாமா தெரியும்? புள்ள வேணாம்னுது. அதுக்கு மேல இன்னா வேணும்?' அவ்ளோதான். ரெண்டு வருசம் அந்த ஸ்டூல்லதான் ஹோம்ஒர்க் எழுதினேன்."

(ஃபாதர், கூட்டத்துக்கு ஒரு கதை கேட்டீர்கள். நான் எழுதியிருக்க வேண்டிய கதை இது ஒன்றுதான். அந்த மனிதர் நம் கோயிலுக்குள் காலெடுத்து வைத்ததுகூட இல்லை. எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை. ஒரு பிள்ளை வேணாம் என்றதும் நம்பினார். இருபது வருடம் ஞானோபதேசம் நடத்திய எனக்கு அது வரவில்லை.)

பிறகு ஜெனிஃபா வந்த காரணத்தைச் சொன்னாள். மாஸ்டர் இன்னும் பாட்டு சொல்லிக் கொடுக்கிறார். இப்போது தினமும் இல்லை, ஞாயிறு மாலை மட்டும். இந்த வருடம் அவளுடைய அக்கா மகளைச் சேர்த்திருக்கிறார்கள். அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பிள்ளையை நிறுத்திவிட்டாள். ஆனால் மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"ஞாயித்துக்கிழம கூட்டத்துல நான் எழுந்து சொல்லப் போறேன் டீச்சர். மொதக் கேள்வி இன்னா வரும்னு தெரியும். 'அப்பவே ஏன் சொல்லல?' பன்னெண்டு வருசம் கழிச்சி வந்து பெரிய மனுசன் பேரக் கெடுக்கறாம்பாங்க. அப்பவே சொன்னேன்னு நீங்க சொல்லணும். நீங்க ஒருத்தருதான் சாட்சி. ஃபாதர் செத்துட்டாரு."

6

முடிவுகள்.

அ. டீச்சர் எழுந்து சொல்கிறாள். எல்லோரும் நம்புகிறார்கள். மாஸ்டர் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு மண்டியிட்டு அழுகிறார். கோயில் மணி— (கிறிஸ்துமஸ் இதழுக்கு எழுதிய கை. சும்மா இருக்காது.)

ஆ. டீச்சர் எழுந்து சொல்கிறாள். "பழச எதுக்கு டீச்சர் கிளறணும், வெளிய தெரிஞ்சா நம்ம பங்குக்குத்தான் அசிங்கம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். டீ வருகிறது. எல்லோரும் டீ குடிக்கிறார்கள். இது நடக்கக்கூடியது. யார் அப்படிச் சொல்வார் என்றுகூட எனக்குத் தெரியும். அவரும் கெட்டவர் இல்லை.

இ. டீச்சருக்குச் சனிக்கிழமை ராத்திரி காய்ச்சல் வந்துவிடுகிறது. கூட்டத்துக்குப் போகவில்லை.

மூன்றாவதை எழுதியபோது, இதுதான் என் சுபாவத்துக்குப் பொருத்தமானது என்று பட்டது. அதைக் கிழித்துப் போடாமல் உங்கள் முன்னால் வைக்கிறேன், தப்பித்துக்கொள்ள அவ்வளவு தூரம் யோசித்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

நேற்று ஜெனிஃபா இந்தப் பிரதியைப் படித்தாள். பிடிக்காத இடத்தை அடிக்கச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தேன். ஒரே ஒரு இடத்தில் அடித்தாள். 'மருண்ட கண்களோடு முந்தானையை இழுத்தாள்' என்று எழுதியிருந்தேன்.

"மருளல்லாம் இல்ல டீச்சர். நான் டவுட்டு கேட்டேன். பதில் தெரிஞ்சிக்கணும்னுதான் வந்தேன்."

7

பன்னிரண்டு வருடம் தாமதமாக அந்தப் பதில்: உன் பாவம் இல்லை. அவருடைய பாவம். அதற்கு அடுத்தது என்னுடையது.

அவள் அப்போதே சொன்னாள். 1995, ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை, இந்தக் கோயிலுக்குள், என்னிடம் சொன்னாள். நான் கேட்டேன். இதை எழுதித் தாளின் கீழே என் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிஷப் கேட்டாலும் போலீஸ் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

கதைக்கு முடிவு எழுதவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் பதினாலு டீச்சர்களில் யார் முதலில் வாய் திறப்பார்கள், திறந்து என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஜெனிஃபா மூன்றாவது பெஞ்சில் இருக்கிறாள். நான் இந்தத் தாளை மடித்ததும் அவள் எழுந்து பேசுவாள்.

இப்போது மணி பதினொன்றரை. மாஸ்டர் இன்று நாலு மணிக்குப் பிள்ளைகளை வரச் சொல்லியிருக்கிறார்.