கமலாசனியின் இரைச்சல் பெட்டி

கித்தாரைக் கையில் எடுத்த நாளிலேயே கமலாசனிக்கு ஒரு கொள்கை இருந்தது: சத்தம் அழகாக இருக்கக் கூடாது. கண்டி மகியாவையில் மாநகர சபைத் தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்து, அந்த வரிசையிலேயே முதல் ஆளாகப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், புள்ளிவிபரவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு, வேலை இல்லாமல் அதே வரிசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பவளுக்கு அழகான சத்தம் எதற்கு? சோதனைச் சாவடியில் பட்டத்தை யாரும் கேட்பதில்லை. அடையாள அட்டையைத்தான் கேட்கிறார்கள். தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்து இரண்டு வருஷமாகியிருந்தது. கண்டியில் தமிழ்ப் பேர் வைத்திருந்தவர்களுக்குப் பையைத் திறந்து காட்டியே கை ஓய்ந்திருந்தது.

அவளுடைய சாமான்கள் மூன்று. கழுத்து சற்று வளைந்த ஒரு கறுப்புக் கித்தார். கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர் வேண்டாமென்று கழித்துவிட்ட ஓர் அம்ப்ளிஃபையர், சுருக்கமாக அம்ப். மூன்றாவது, அந்தப் பெட்டி. பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டிக்குள் நாலைந்து பாகங்கள், ஒரு சதுர பற்றரி, மேலே காலால் அமுக்குகிற ஒரு சுவிட்ச். கித்தாரின் ஒலி அதற்குள் நல்ல பிள்ளையாகப் போய்ப் பேய் பிடித்து வெளியே வரும்.

அந்தப் பேய் வந்த வழி தனி. கொழும்பில் ஒருவன் நோர்வேயிலிருந்து வந்த மெட்டல் இசையைக் கசெட்டில் பதிவு செய்வான். அதிலிருந்து கம்பளையில் ஒருவன் பதிவு செய்வான். அதிலிருந்து டிரம்ஸ் அடிக்கிற யோகேந்திரன் பதிவு செய்வான். அவனிடமிருந்து இவள். நாலு கை மாறியதில் கித்தாரின் மேல்சத்தமெல்லாம் தேய்ந்துபோய், தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி ஒரு கரகரப்புத்தான் மிஞ்சியது. நோர்வேக்காரன் அப்படித்தான் வாசிக்கிறான் என்று கமலாசனி நம்பினாள். அந்தக் கசெட்டைக் கட்டுகஸ்தோட்டையில் வானொலி திருத்துகிற பாரூக் நானாவிடம் கொண்டுபோய், "இந்தச் சத்தம் வேணும் நானா" என்றாள்.

பாரூக் நானா இரண்டு நிமிஷம் கேட்டார். "தங்கச்சி, இது கசெட் பழுது. பிளேயர்ல ஹெட்டத் தொடச்சாச் சரியாப் போகும்."

"பழுதில்ல நானா. இதுதான் டோன்."

"இருவது வருஷமா இந்த இரைச்சல எடுக்கத்தான் எங்கிட்ட ஆள் வாறாங்க. போட்டுத் தாங்கன்னு வந்த மொத ஆள் நீங்கதான்."

பிறகு ஒரு நாள் சிநேகிதியைப் பார்க்கப் போன பல்கலைக்கழக விடுதியில் அதே இசையைக் குறுந்தட்டில் கேட்டாள். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. குறுந்தட்டுக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். புள்ளிவிபரவியல் படித்தவள்தான். ஆனால் தன் காது என்று வந்தால் சான்றெல்லாம் அவளுக்குச் செல்லாது.

பெட்டி செய்யும்போது, பாகங்களைத் தகரத்துக்குள் வைத்துத் தருவதாக நானா சொல்லிப் பார்த்தார். "பிளாஸ்டிக்னா வெளி ரேடியோவெல்லாம் உள்ள பூந்துடும், வெளங்குதா? தகரம்னா தடுக்கும்." பால்மாத் தகரத்தில் போட்டும் காட்டினார். "சளி புடிச்ச மாதிரி இருக்கு" என்று கமலாசனி முகத்தைச் சுளித்தாள். பிளாஸ்டிக்கே ஆயிற்று.

சனிக்கிழமை கண்டியில் ஒரு மண்டபத்தில், அவளும் யோகேந்திரனும் வாசிக்கிற குழுவின் முதல் கச்சேரி. யோகேந்திரன் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தான்: "கமலா, நீர் வாசிக்கிறதுக்காக இல்லை, உம்மட பெட்டிக்காகத்தான் உம்மைச் சேர்த்தனாங்கள். பெட்டி இல்லையெண்டால் வேற ஆளைப் பாப்பம்." அவனை அறையலாம் போல இருந்தது. ஆனால் அவன் சொன்னதில் பொய்யும் இல்லை.

புதன்கிழமை பின்னேரம் பழகிக்கொண்டிருந்தவள், கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்து ஒலியை நிறுத்தினாள். நின்ற இடத்தில் அம்ப் சிங்களத்தில் பேசியது. "கன்ட்ரோல், கன்ட்ரோல், பொயின்ட் ஹதர." சந்து முனையிலிருந்த நாலாம் இலக்கச் சோதனைச் சாவடியின் வோக்கிடோக்கி, வீட்டுக்குள் வந்து ஆஜராகியிருந்தது.

தேநீர்க் கோப்பையோடு நின்ற அப்பா அழகமுத்து அம்ப்பைப் பார்த்தார். மாநகர சபைத் தண்ணீர்ப் பகுதியில் குழாய் வேலை அவருக்கு. எண்பத்து மூன்று கலவரத்தில் ஒரு பகல் முழுக்கக் காலித் தண்ணீர்த் தாங்கிக்குள் குந்தியிருந்து உயிர் தப்பியவர்.

"யாரும்மா பேசுறது?"

"பொலிஸ். பெட்டி ரேடியோவப் புடிக்குது."

"பொலிஸ் பேசுறத நம்ம வீட்டுல இருந்து கேக்குறோமா?" அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நல்லாருக்கும்மா. படிக்க வச்சதுக்கு நல்லாருக்கு."

மறுநாள் காலையில் பெட்டியைக் காணவில்லை. அப்பாவின் சோறு மட்டும் தாளில் சுற்றி மேசையில் இருந்தது. கமலாசனிக்கு உடனே விளங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக மாநகர சபைக்காரனின் எவர்சில்வர் சோற்றுப் பெட்டியை எந்தப் பொலிஸ்காரனும் திறந்ததில்லை என்பது அப்பாவின் பெருமை. இரைச்சல் பெட்டியை அதற்குள் வைத்துப் பாரூக் நானாவிடம் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். செருப்பும் போடாமல் ஓடினாள்.

சாவடியில் அன்றைக்குப் புது சார்ஜன். சோற்றுப் பெட்டி ஏற்கெனவே திறந்திருந்தது. பற்றரி, வயர், சுவிட்ச். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். சிங்களத்தில் அப்பா நகைச்சுவையெல்லாம் சொல்லுவார். அந்த நேரம் மாநகர சபை அட்டையைத்தான் திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருந்தார்.

"அது என்னோடது! கித்தாருக்கு!" என்று கமலாசனி சிங்களத்தில் கத்தினாள்.

"கித்தாருக்குக் கம்பிதானே வேணும், நங்கி?" சார்ஜன் தங்கச்சி முறை வைத்தே கேட்டார்.

"இதுவும் வேணும்."

"அப்ப வாசிச்சுக் காட்டு."

சார்ஜன் வீட்டுக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்தார். அவருடைய தோளில் வோக்கிடோக்கி தொங்கியது. அதைப் பார்த்ததும் கமலாசனி கணக்குப் போட்டாள். அவர் பேசப்போகும் ஒவ்வொரு சொல்லையும் அம்ப் திருப்பிச் சொல்லும். பிறகு சனிக்கிழமையாவது கச்சேரியாவது. அப்பாவையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுவார்கள்.

அவள் சவர்க்காரப் பெட்டியை வெளியே எடுக்கவில்லை. சோற்றுப் பெட்டிக்குள் இருந்தபடியே வயரைச் சொருகி, பிளக்கின் உலோகக் கழுத்து விளிம்பில் படும்படி அழுத்தி, நானாவின் தகரம் மாதிரி மூடியால் மூடினாள்.

"ஏன் மூடுறே?"

"இப்பிடி மூடினாத்தான் டோன் வரும் சார்" என்றாள். சொல்லும்போது நாக்குக் கூசியது.

வாசித்தாள். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் விடாமல் ஒலிக்கும் ஒத்து மாதிரி, தளர்த்திக் கட்டிய தடித்த கம்பியை முழங்கவிட்டாள். சுவரில் கொழுவியிருந்த பட்டமளிப்புப் படம் நடுங்கியது. நிறுத்தினால் ஆபத்து என்று தெரிந்ததால் நிறுத்தாமலே வாசித்தாள். வோக்கிடோக்கியில் கரகரவென்று யாரோ கூப்பிட்டார்கள். சார்ஜன் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

அவள் உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைத்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"பொயின்ட் ஹதர" என்றார் சார்ஜன். அம்ப் பேசவில்லை. மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் வந்தது. "குண்டு இல்ல. ஒரு பிள்ளை சங்கீதம் வாசிக்குது." கொஞ்சம் யோசித்தார். "இல்ல, சங்கீதமும் இல்ல."

எழுந்து போகும்போது இரக்கத்தோடு சொன்னார்: "நங்கி, மெஷின் பழுது. யார்கிட்டயாவது குடுத்துத் திருத்திக்கோ."

குண்டுக்காரி என்று சந்தேகப்பட்டதைக் கமலாசனி பொறுத்துக்கொண்டிருந்தாள். இதைப் பொறுக்க முடியவில்லை. "பழுதில்ல சார், அதுதான்..." என்று தொடங்கியவளின் காலை அப்பா நன்றாக மிதித்தார். சார்ஜன் சந்து முனையை அடையும்வரை மிதித்த காலை எடுக்கவில்லை.

"சனிக்கிழமைக்கு இந்தச் சோத்துப் பெட்டி வேணும்பா" என்றாள்.

"தகரத்துல போட்டா சளி புடிக்கும்னியே?"

"சளி புடிச்சிருக்குதான். பரவால்ல."

"கேக்க வாறவங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியுமே."

அப்பா தாளில் சுற்றிய சோற்றை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். வாசலில் நின்று, "இதக் கேக்க ஆளுங்க டிக்கட் எடுத்தா வாறாங்க?" என்றார்.

"ஆமா."

"அப்ப சார்ஜனுக்கு இன்னைக்கு ஓசி" என்றார் அழகமுத்து. நேற்றுப் பின்னேரத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.