மூன்றாவது கிளட்ச்

பொம்மனஹள்ளி சிக்னலைத் தாண்டி இருநூறு அடி போவதற்குள் வண்டி நின்றுவிட்டது. என்ஜின் உறுமியது, சக்கரம் மட்டும் அசையவில்லை. கருகிய வாடை முன்சீட்டுக்கு ஏறியதுமே இராஜமாணிக்கத்துக்குப் புரிந்துவிட்டது. கிளட்ச் போய்விட்டது. இந்த ரிவானா காரை வாங்கிப் பதினான்கு மாதத்தில் இது மூன்றாவது.

காலை எட்டரை மணி. வண்டிக்குள் எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றின் ஊழியர்கள் நான்கு பேர். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"அங்கிள், போன தடவையும் இதே கததான. டிரான்ஸ்போர்ட்ல சொல்லி வேற வண்டி போடச் சொல்லப் போறேன்" என்று சொல்லிவிட்டு முன்சீட்டுக்காரர் இறங்கினார். மற்ற மூவரும் அவரோடு சேர்ந்து ஆட்டோ தேடப் போனார்கள். இராஜமாணிக்கத்தின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து அடுகோடியில் ரிவானா கம்பெனியின் சர்வீஸ் சென்டர் வாசலில் சேர்த்தபோது மணி பத்து. சர்வீஸ் பொறுப்பாளர் அலெக்சாண்டர் சர்வீஸ் கார்டும் பேனாவுமாக வந்தார். கழுத்தில் டை, முப்பத்தைந்து வயசு. பானட்டைக்கூடத் திறக்கவில்லை. ஒரு முறை மோந்து பார்த்தார், எழுதத் தொடங்கினார்.

"சார், நீங்க கிளட்ச் மேல கால வெச்சிகினே ஓட்டுறீங்க. வயசானவங்க நெறைய பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கு. வாரண்டியில வராது."

"வண்டியத் தொறந்து பாத்தியா?"

"தேவையில்ல சார். வாசனையே சொல்லுதே."

"போன ரெண்டு வாட்டியும் இதையேதான் எழுதின. அதுக்கப்புறம் நான் கால எடுத்து ஓரமா வெச்சிதான் ஓட்டுறேன். இப்பவும் அதையே எழுதுற."

"அப்ப எடுக்கலைன்னு அர்த்தம்" என்றார் அலெக்சாண்டர், எழுதுவதை நிறுத்தாமல்.

இராஜமாணிக்கத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடுகிற வரைக்கும் இருபத்தாறு வருஷம் அவர் வைண்டிங் என்ஜின் டிரைவர். தொழிலாளிகளைப் பாதாளத்துக்கு இறக்கி ஏற்றும் கூண்டு அவர் கையிலும் காலிலும்தான் இருந்தது. ஒரு ஷிப்டுக்கு எத்தனை நூறு பேர். கூண்டு தரையில் உட்காரும்போது உள்ளே இருப்பவன் முழங்கால் மடங்கக்கூடாது, அதுதான் அங்கே கணக்கு. அந்தக் காலைப் பார்த்து, அரிச்சுவடி தெரியாதவனிடம் பேசுவது போல ஒருத்தன் பேசுகிறான். சுரங்கம் மூடியபோது வந்த பணத்தில்தான் இந்த வண்டி. டிக்கி வைத்த வண்டிகளில் இதுதான் விலை குறைவு, வாடகைக்கு எடுக்கும் கம்பெனிக்காரர்களும் டிக்கி வைத்த வண்டிதான் வேண்டும் என்றார்கள். அதை நம்பித்தான் மனைவி சாந்தகுமாரியைக் கூட்டிக்கொண்டு லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்தார்.

"எழுதினத அடிச்சிப் போடு" என்றார்.

"முடியாது சார். வண்டிய நவுத்துங்க. பின்னாடி கஸ்டமர்லாம் நிக்கிறாங்க."

"அது நவுறாது. உங்க கம்பெனி செஞ்ச வண்டிதான. நீயே நவுத்து."

ஏறி உட்கார்ந்தார். நான்கு கதவையும் பூட்டினார், கண்ணாடியை ஏற்றினார், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார். சர்வீஸ் சென்டருக்கு அந்த ஒரு வாசல்தான். அதில் ஒரு வண்டிதான் போகமுடியும்.

கால் மணி நேரத்தில் பின்னால் ஏழு வண்டி சேர்ந்துவிட்டது. ஹாரன் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. "ஏன்ரீ, காடி தெகீரி" என்று வண்டியை எடுக்கச் சொல்லி ஒருவர் கன்னடத்தில் கத்தினார். இன்னொருவர் வந்து டிக்கியில் ஓங்கி அறைந்தார். கிழவனுக்குப் பைத்தியம் என்று யாரோ தமிழில் சொன்னதும் காதில் விழுந்தது. இராஜமாணிக்கம் நேரே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பிறகு ஒரு பெண் வந்து கண்ணாடியைத் தட்டினாள். நாற்பது வயதிருக்கும். வங்கியில் வேலை என்பது கழுத்தில் தொங்கிய அட்டையிலேயே தெரிந்தது, பெயர் ராதா. அவர் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினார்.

"ஏனுங்க, உங்க சண்டைய உள்ள போய்ப் போடுங்க. நான் அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

"உங்க வண்டிக்கு இன்னா?"

"அது எதுக்குங்க உங்களுக்கு?"

"ரிவானாதான? இன்னா கம்ப்ளெயிண்ட்டு?"

"கிளட்ச்சுங்க. ரெண்டாவது தடவை."

"மொத தடவ கார்டுல இன்னா எழுதினான்?"

ராதா கைப்பையிலிருந்து பழைய கார்டை எடுத்துப் பார்த்தாள். இராஜமாணிக்கம் தன் பழைய கார்டைக் கண்ணாடி இடுக்கில் நீட்டினார். இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே வரி. ஓட்டுநர் தவறு, கிளட்ச் மிதியில் கால் வைத்து ஓட்டுதல்.

"வயசானவங்க பழக்கம்னு எங்கிட்ட சொன்னான்."

"எங்கிட்டப் பொம்பளைங்க பழக்கம்னு சொன்னாருங்க" என்றாள் ராதா. அவள் குரல் மாறியிருந்தது. "நான் பத்தொம்பது வருஷமா ஓட்டறேன்."

அவளே பின்னால் போய் ஒவ்வொரு வண்டியாகக் கேட்டாள். அவளுடையதையும் சேர்த்து அந்த ஏழில் நான்கு ரிவானா. நான்கிலும் கிளட்ச். சற்று முன் டிக்கியில் அறைந்த ஆளும் அதில் ஒருவர். சாப்ட்வேர் கம்பெனி இளைஞன் ஒருவனிடம், புதுசாக ஓட்டுகிறவர்கள் பயத்தில் கால் வைப்பது வழக்கம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் கார்டைச் சுருட்டி அலெக்சாண்டரின் மார்பில் எறிந்தான். டிக்கியில் அறைந்தவர் இப்போது அலெக்சாண்டரின் டையைப் பிடித்தார். காவலாளி வந்து விலக்கிவிட வேண்டியதாயிற்று. இராஜமாணிக்கம் வண்டியை விட்டு இறங்கவில்லை. உள்ளே இருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளூர ஒரு திருப்தி பரவியது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

மூன்று மணிக்குக் கம்பெனியின் வட்டார அதிகாரி வந்தார். ஐந்து பேரையும் ஏசி அறையில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார். ஐவருக்கும் கிளட்ச் இலவசமாக மாற்றித் தரப்படும், கம்பெனியின் நல்லெண்ணத்துக்காக என்றார். பிறகு ஆளுக்கு ஒரு தாள் தந்தார். வண்டியில் குறை எதுவும் இல்லை, தேய்மானம் என் ஓட்டும் பழக்கத்தால் ஏற்பட்டது, இது பற்றி வேறெங்கும் புகார் செய்யமாட்டேன் என்று அதில் அடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

சாப்ட்வேர் இளைஞன் முதலில் போட்டான். டிக்கியில் அறைந்தவர் அடுத்து. இன்னொருவர் படிக்காமலேயே போட்டார். ராதா தாளை இரண்டு முறை படித்தாள்.

"உங்க கால் மேல தப்புன்னு நீங்களே எழுதிக் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார் இராஜமாணிக்கம்.

"அம்மாவ வாரத்துக்கு ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணுங்க. எனக்கு வண்டி வேணும்." அவரைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அவர் தன் தாளை நான்காக மடித்து, அதிகாரியின் ஜூஸ் டம்ளருக்கு அடியில் செருகிவிட்டு எழுந்தார். வண்டியை மறுபடி கயிற்றில் கட்டச் சொன்னார். வாசலில் அலெக்சாண்டர் நின்றிருந்தார். டை கோணலாகிக் கிடந்தது.

"உங்க இஷ்டம் சார். திங்கக்கிழமை கம்பெனி டிரிப்புக்கு உங்க எடத்துல வேற வண்டி நிக்கும். அதையும் பாருங்க."

திங்கட்கிழமை அப்படித்தான் நின்றது. டிரான்ஸ்போர்ட் ஆபீசிலிருந்து போனில் சொல்லிவிட்டார்கள், இனி வரவேண்டாம் என்று.

சாந்தகுமாரி அன்று சோறு வடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கையெழுத்துதான கேட்டாங்க? கிட்னியா கேட்டாங்க?"

"தப்பு எம்மேலன்னு எழுதச் சொன்னான்."

"எழுதிட்டு வந்தா அந்தத் தாள யாரு படிக்கப் போறாங்க? மைன்ஸே மூடிட்டான், அங்க இருந்த பேரு மட்டும் இங்க இன்னாத்துக்கு? உங்க ரோஷத்த அடுப்புல வெச்சா சோறு வேவுமா?"

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். பதினொரு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாடு மேசையில் இருக்கும், அவர் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார். அவ்வளவுதான்.

வண்டி அடுகோடியின் பின்தெருவில் சமியுல்லா என்பவரின் ஷெட்டில் கிடந்தது. சமியுல்லாவுக்கு ரிவானா புதுசு. அதனாலோ என்னவோ, அவர் எதையும் முன்கூட்டியே சொல்லவில்லை. கியர்பாக்ஸை இறக்கினார், தேய்ந்த கிளட்ச் தட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார், மறுபடி வண்டிக்கு அடியில் படுத்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"அண்ணா, அவங்க எழுதினது பாதி சரி. கிளட்ச் மேல கால் இருக்குது. ஆனா அது உங்க கால் இல்ல."

இராஜமாணிக்கத்தையும் கீழே படுக்கவைத்துக் காட்டினார். மிதியிலிருந்து வரும் கேபிளைப் பிடித்துக்கொள்ள கியர்பாக்ஸ் மேல் ஒரு இரும்புப் பட்டை இருந்தது. தொழிற்சாலையிலேயே அதை அரை விரல்கடை தள்ளி வெல்டு வைத்திருந்தார்கள். அதனால் கேபிள் எப்போதும் இழுத்தபடியே நின்றது. காலை எடுத்தாலும் கிளட்ச் முழுதாகத் திரும்பாது. அட்ஜஸ்ட் செய்யும் நட்டைக் கடைசி மரை வரைக்கும் தளர்த்திப் பார்த்தும் கேபிள் தளரவில்லை. யாரோ ஒருவர் இரவும் பகலும் மிதியில் லேசாகக் கால் வைத்திருப்பதற்குச் சமம்.

"தொறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"பட்டைய அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அளக்கறதுக்கு ஆள் கீழ படுக்கணும்ல. டை அழுக்காயிடும்."

சமியுல்லா அந்தப் பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, அளவு பார்த்து வேறொன்றை வெல்டு வைத்தார். வெட்டிய துண்டை இராஜமாணிக்கம் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்தார். வேறொரு டிராவல்ஸில் ஏர்போர்ட் சவாரிக்கு வண்டியைச் சேர்த்தார். நான்கு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. நுகர்வோர் மன்றத்துக்குப் போக ஒரு வக்கீலைப் பார்த்தபோது, ஒரு துண்டு இரும்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது என்றார் அவர். நீங்களே மாற்றி வெல்டு வைத்தீர்கள் என்று கம்பெனி சொல்லிவிடும். இதே குறையோடு, யாரும் கைவைக்காத இன்னொரு வண்டி வேண்டும்.

இராஜமாணிக்கத்துக்கு கையெழுத்துப் போட்ட அந்த நால்வரையும் நினைக்கவே பிடிக்கவில்லை. அவர்களிடம் போய் நிற்பதைவிட வழக்கே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ராதாவே லிங்கராஜபுரத்துக்கு வந்தாள். டிராவல்ஸில் விசாரித்து விலாசம் வாங்கியிருந்தாள். அவர் கேட்டுக்கு உள்ளே நின்றார், தாழ்ப்பாளைத் திறக்கவில்லை.

"மறுபடி போயிடுச்சுங்க. அம்மாவோட நடுரோட்டுல நின்னேன். இந்தத் தடவை காசு கட்டோணும்னு சொல்றாங்க. நான் எழுதிக் குடுத்த தாளையே எடுத்துக் காட்டறாங்க."

"நீங்க எழுதிக் குடுத்ததுதான? அப்ப உங்க தப்புதான்."

"உங்க வண்டி நல்லா ஓடுதுன்னு சொன்னாங்க. எங்க ரிப்பேர் பண்ணுனீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"அன்னிக்கு நான் ஒருத்தன் நின்னேன். நீங்களும் நின்னிருந்தா ரெண்டு பேரு. நீங்க என் மூஞ்சியக்கூடப் பாக்கல."

"பாக்க முடியலைங்க" என்றாள் ராதா. மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. வெயிலில் அப்படியே நின்றாள்.

சாந்தகுமாரி சொம்பில் தண்ணீரோடு வந்து, கணவரை ஒதுக்கிவிட்டு, தாழ்ப்பாளைத் திறந்தாள். "உள்ள வா மா. இவுரு வாசல மறிக்கறதுல பெரிய ஆளு."

ராதா தண்ணீர் குடித்து முடித்ததும் அவர் உள்ளே போய்ச் செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துவந்து மேசைமேல் போட்டார். எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதும் குரலில் கடுமை குறையவில்லை.

"சமியுல்லாகிட்ட உடனே போவாதீங்க. வண்டிய அப்படியே வெச்சிருங்க. மன்றத்துல இருந்து ஆள் வந்து அளந்துட்டுப் போவட்டும். அதுவரைக்கும் உங்க அம்மாவ நான் கூட்டிகினு போறேன். உங்களுக்காக இல்ல. எனக்கு அந்த வண்டி வேணும்."

"சரிங்க" என்றாள் ராதா.

ஏழு மாதம் அவளுடைய ரிவானா அசையாமல் நின்றது. வாரம் இரண்டு நாள் இராஜமாணிக்கம் அவள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தார். ராதாவோடு அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அம்மாவோடு மட்டும் வழியெல்லாம் பேசினார்.

மன்றம் அனுப்பிய பொறியாளர் அளந்தார். சமியுல்லா சொன்ன அதே அரை விரல்கடை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே புதிய ரிவானாக்களில் அந்தப் பட்டையைக் கம்பெனி சத்தமில்லாமல் மாற்றிவிட்டது என்பதும் வெளியே வந்தது. ராதாவிடம் வாங்கிய கையெழுத்து செல்லாது என்று தீர்ப்பாயிற்று. இருவருக்கும் நஷ்டஈடு உண்டு. இராஜமாணிக்கம் தீர்ப்பில் ஒரு வரியைத் தேடினார். ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. ஓட்டுநர்கள் மீது தவறு இருப்பதாகக் காட்ட எந்த ஆதாரமும் இல்லை. வக்கீலிடம் சொல்லி அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக நகல் எடுத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, லிங்கராஜபுரம் பஸ் நிறுத்தத்தருகே வண்டியை நிறுத்திவிட்டுப் பழம் வாங்கிக்கொண்டிருந்தபோது அலெக்சாண்டர் அவரைக் கூப்பிட்டார். டை இல்லை. சர்வீஸ் சென்டரில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.

"சார், எம்மேல கோவம் வெச்சிக்காதீங்க. நானா எழுதல. கிளட்ச் வந்தா இதுதான் எழுதணும்னு மேலிருந்து சொல்லியிருந்தாங்க. அந்தப் பட்டை விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும். வாயத் தொறந்திருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பாங்க."

இராஜமாணிக்கம் கடைக்காரரிடம் மீதிச் சில்லறையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இப்பவும் அனுப்பிட்டாங்களே" என்றார்.

"குடும்பம் இருக்குது சார் எனக்கு."

"எனக்கும் இருந்துது. பதினோரு நாளு எம் பொண்டாட்டி எங்கூடப் பேசல."

அலெக்சாண்டர் கையை நீட்டினார். இராஜமாணிக்கம் அந்தக் கையைப் பார்த்தார்.

"எழுதினது இந்தக் கைதான?" என்று கேட்டுவிட்டு, வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார்.